மெடிகேர்: இருக்கிற திட்டத்தையே தொடர்வதா, மாற்றுவதா?

மெடிகேர் என்பது அமெரிக்காவில் முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. அதில் அட்வான்டேஜ் (தனியார் நிறுவனம் நடத்தும் திட்டம்) அல்லது பார்ட் டி மருந்துத் திட்டம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் செப்டம்பர் 30-க்குள் ஒரு கடிதம் வந்தாக வேண்டும். அந்தத் திட்டத்தில் என்னென்ன மாறப்போகிறது என்பதை, இந்த ஆண்டு ஒரு பக்கம், அடுத்த ஆண்டு ஒரு பக்கம் என்று அடுத்தடுத்துப் போட்டுக் காட்டும் கடிதம். அதே வாரங்களில் தபால்பெட்டி விளம்பரங்களால் நிரம்பிவிடுவதால், நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இதையும் அவற்றோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அக்டோபர் 15-ல் தொடங்கி டிசம்பர் 7-ல் முடியும் வருடாந்திரப் பதிவுக் காலத்தில் எடுக்கப்போகிற முடிவுக்கு அந்தக் கடிதம்தான் அடிப்படை. ஒன்றும் செய்யாமல் விட்டால் பெரும்பாலும் பழைய திட்டமே ஜனவரி 1 முதல் தானாகத் தொடரும். ஆனால் அதே விலையில், அதே மருந்துப் பட்டியலோடு தொடரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: எந்த மாற்றம் பிடிக்காமல் போனால் திரும்ப முடியும், எதிலிருந்து திரும்புவது கஷ்டம்? ஒரு பார்ட் டி திட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவது, ஒரு அட்வான்டேஜ் திட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவது, இவையெல்லாம் அடுத்த அக்டோபரில் மறுபடி மாற்றிக்கொள்ளக்கூடியவை. சர்க்கரை இருக்கிறதா, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறதா என்று யாரும் கேட்கப்போவதில்லை. மெடிகேப்பை, அதாவது மெடிகேர் கட்டாத மீதியைக் கொடுக்கும் தனியார் துணைக் காப்பீட்டை, விட்டுவிட்டு அட்வான்டேஜுக்குப் போவது அப்படியல்ல. ஆனால் தொலைக்காட்சி விளம்பரங்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் காட்டப்படுகின்றன. என்னைப் பொறுத்தவரை இந்தப் பருவத்தில் நடக்கிற பெரிய அநியாயம் இதுதான்.

சரி, இரண்டு வழிகளையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். முதல் வழி, அரசின் மூல மெடிகேர். பார்ட் ஏ மருத்துவமனைச் செலவுக்கு, பார்ட் பி மருத்துவர் செலவுக்கு. பார்ட் பி 80 சதவீதம் கொடுக்கும். மீதி 20 சதவீதம் நம் தலையில், அதற்கு உச்சவரம்பே கிடையாது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் தனியாரிடம் மெடிகேப் வாங்குகிறோம். மருந்துக்குத் தனியாகப் பார்ட் டி. இரண்டாவது வழி அட்வான்டேஜ், அதாவது பார்ட் சி. எல்லாவற்றையும் ஒரே தனியார் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். பல திட்டங்களில் மாத பிரீமியம் பூஜ்யம். பல், கண்ணாடி, காது கருவி, ஜிம் என்று சில்லறை வசதிகளும் உண்டு. மெடிகேர் வைத்திருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்று அட்வான்டேஜில்தான் இருக்கிறார்கள். எந்த வழியில் போனாலும் பார்ட் பி பிரீமியம் கட்டியே ஆக வேண்டும். 2026-ல் அது மாதம் 202.90 டாலர். வருமானம் அதிகமாக இருந்தால் இன்னும் கூடும்.

பணக் கணக்கை முதலில் நேர்மையாகப் போட்டுவிடுவோம். ஒரு பெரியவருக்கு மெடிகேப்பின் ஒரு வகையான பிளான் ஜி மாதம் 170 டாலர், பார்ட் டி 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஊரையும் வயதையும் பொறுத்து இது நிறைய மாறும் என்பதால் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 2,400. பிளான் ஜி கட்டாத ஒரே முக்கியமான தொகை பார்ட் பி டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்டும் தொகை), 2026-ல் 283 டாலர். ஆக 2,683. அதற்கு மேல் மெடிகேர் ஏற்கும் மருத்துவச் செலவுக்கு அவர் கைக்காசு போடுவது அரிது. பூஜ்ய பிரீமியம் அட்வான்டேஜில் இருந்தால் அந்த 2,683-ம் மிச்சம். மருத்துவரைப் பார்க்கும்போது கட்டும் கோபே மட்டும்தான் செலவு. உடம்பு படுத்தினால்? நெட்வொர்க்குக்குள் (திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவர்களிடம்) ஒரு வருடத்தில் நாம் கட்டவேண்டிய உச்சவரம்பு ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு மாதிரி. 2026-ல் சட்டப்படி 9,250 டாலரைத் தாண்டக்கூடாது; பல திட்டங்கள் அதைவிடக் குறைவாகவே வைத்திருக்கின்றன. 5,000 என்று எடுத்துக்கொண்டால், மோசமான ஒரு வருடத்தில் அட்வான்டேஜ்காரருக்கு 2,317 டாலர் கூடுதல் செலவு. நல்ல வருடத்திலோ ஏறக்குறைய 2,683 மிச்சம்.

ஆக, கணக்கை மட்டும் பார்த்தால் அட்வான்டேஜ் தோற்பதில்லை. ஆரோக்கியமான ஆண்டுகளில் மிச்சம் பிடித்ததை எடுத்து வைக்கிற குடும்பத்துக்கு அது நியாயமான பேரம்தான். ஆனால் இரண்டு விஷயங்கள் இந்தக் கணக்கைக் குலைக்கும். உச்சவரம்பு ஜனவரி 1 அன்று மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நவம்பரில் கீமோதெரபி ஆரம்பித்து மார்ச்சில் முடிகிறவர் இரண்டு வருட வரம்பையும் ஆறு மாதத்துக்குள் கட்ட நேரிடலாம். அப்புறம், டயாலிசிஸ் போல நிற்காத சிகிச்சையில் இருப்பவருக்கு எல்லா வருடமும் மோசமான வருடம்தான்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அனுமதி விவகாரம். அட்வான்டேஜில் எம்ஆர்ஐ, மறுவாழ்வு மையத்தில் தங்குவது, விலையுயர்ந்த ஊசி மருந்து என்று பலவற்றுக்கும் நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். 2023-ல் இப்படிப் போன கோரிக்கைகள் ஏறக்குறைய 5 கோடி. அதில் 32 லட்சம் முழுதாகவோ பகுதியாகவோ மறுக்கப்பட்டன. மறுக்கப்பட்டவற்றில் மேல்முறையீட்டுக்குப் போனது 12 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் மேல்முறையீடு செய்தவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் நிறுவனமே தன் முடிவை மாற்றிக்கொண்டது. இதை ஒருமுறைக்கு இரண்டுமுறை படியுங்கள். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்ற நிலையில், பெரும்பாலானோர் கேட்கவே இல்லை. ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தயங்கும், பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைக்கும் நம் அப்பா அம்மாக்கள்தான் இப்படிக் கேட்காமல் விடுகிறவர்கள். வீட்டில் விடாமல் போன் போட்டுப் போராட ஒருவர் இருந்தால் அட்வான்டேஜ் வேறு. தனியாக இருக்கும் 80 வயதுக்காரருக்கு அதே திட்டம் வேறு. மூல மெடிகேரில் முன் அனுமதி மிகக் குறைவு. ஆனால் 2026 ஜனவரி முதல் நியூ ஜெர்சி, டெக்சாஸ், ஒஹாயோ, ஓக்லஹோமா, அரிசோனா, வாஷிங்டன் ஆகிய ஆறு மாநிலங்களில் தேர்ந்தெடுத்த சில சிகிச்சைகளுக்கு அங்கும் ஒரு சோதனை முறை வந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போது திரும்பிவரும் வழி. 65 வயதாகி பார்ட் பி தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதம், உடல்நிலையைப் பற்றிக் கேள்வியே இல்லாமல் எந்த மெடிகேப்பையும் வாங்கலாம். அந்த ஆறு மாதம் போனால் போனதுதான். அதன்பின் பெரும்பாலான மாநிலங்களில் நிறுவனம் உங்கள் நோய்களைக் கேட்டு, விலையை ஏற்றலாம், அல்லது தர முடியாது என்றே சொல்லிவிடலாம். நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் ஆகிய நான்கு மாநிலங்கள் இதற்கு விதிவிலக்கு. அங்கே எப்போதுமோ வருடத்தில் குறிப்பிட்ட காலத்திலோ மறுக்காமல் கொடுத்தாக வேண்டும். அதற்கான விலையும் உண்டு, நியூயார்க்கில் பிளான் ஜி பிரீமியம் மாதம் 300 டாலரைத் தாண்டும். நியூயார்க்கின் குயின்ஸில் மகள் வீட்டில் இருப்பவரும் நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் மகன் வீட்டில் இருப்பவரும் சில மைல் தூரத்திலேயே இருந்தாலும், இந்த முடிவில் அவர்கள் நிலை முற்றிலும் வேறு. குயின்ஸ்காரர் அட்வான்டேஜைத் தைரியமாக முயன்று பார்க்கலாம். ஜெர்சிக்காரர் யோசிக்க வேண்டும்.

சட்டம் ஒரு சலுகை கொடுக்கிறது. மெடிகேப்பை விட்டு வாழ்க்கையில் முதல்முறையாக அட்வான்டேஜுக்குப் போனவர், 12 மாதத்துக்குள் மனம் மாறினால் பழைய மெடிகேப்புக்கே திரும்பலாம், அந்த நிறுவனம் இன்னும் அதை விற்றுக்கொண்டிருந்தால். 65-ல் நேராக அட்வான்டேஜில் சேர்ந்தவருக்கும் முதல் 12 மாதம் இதே மாதிரி ஒரு உரிமை உண்டு. ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை அட்வான்டேஜ்காரர்கள் ஒருமுறை மாறலாம் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் மூல மெடிகேருக்குத் திரும்பலாமே தவிர, மெடிகேப் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. 20 சதவீத ஓட்டையோடு நிற்க வேண்டி வரலாம்.

இன்னொரு வழியும் உண்டு. பலருக்கு அது தெரிவதேயில்லை. சில வருடங்களில் அட்வான்டேஜ் நிறுவனம் உங்கள் கவுண்டியை (மாவட்டம் போன்ற பகுதி) விட்டே வெளியேறும். "உங்கள் திட்டம் டிசம்பர் 31-டன் முடிகிறது" என்று கடிதம் வரும். அதைப் பார்த்ததும் பதறிப்போய், போனில் வருகிற முதல் ஏஜென்ட் சொல்லும் இன்னொரு அட்வான்டேஜில் சேர்ந்துவிடுகிறார்கள். பொறுங்கள். திட்டம் தானாக முடிந்துபோனால், மூல மெடிகேருக்குத் திரும்பி, உடல்நிலைக் கேள்வியே இல்லாமல் மெடிகேப் வாங்கும் உரிமை உங்களுக்கு வருகிறது. 2020 ஜனவரி 1 முதல் மெடிகேருக்குத் தகுதி பெற்றவர்கள் இதில் பிளான் ஜி வாங்கலாம். ஆனால் பிளான் என் என்ற இன்னொரு மெடிகேப் வகை கூட்டாட்சிச் சட்டம் உறுதியளிக்கும் பட்டியலில் இல்லை. திட்டம் முடிந்ததிலிருந்து 63 நாளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். சர்க்கரை, பைபாஸ், புற்றுநோய் எது இருந்தாலும் மறுக்க முடியாது. பல வருடம் அட்வான்டேஜில் இருந்து நோய் வந்தபின் வெளியே வர முடியாமல் தவித்தவருக்கு, கெட்ட செய்தியாக வந்த அந்தக் கடிதமே நல்ல செய்தி. அதைப் பத்திரமாக வையுங்கள். மெடிகேப் நிறுவனம் அதைத்தான் ஆதாரமாகக் கேட்கும்.

வருடத்தில் சில மாதம் ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது தனி. மூல மெடிகேர் அமெரிக்காவுக்கு வெளியே அநேகமாக எதையும் தராது. மெடிகேப் பிளான் ஜி, பிளான் என் இரண்டிலும் வெளிநாட்டு அவசரச் சிகிச்சைக்கு ஒரு பகுதி உண்டு: 250 டாலர் டிடக்டிபிள் போக 80 சதவீதம், வாழ்நாள் முழுதுக்கும் 50,000 டாலர் வரை. ஆனால் பயணத்தின் முதல் 60 நாளுக்குள் தொடங்கும் அவசரத்துக்கு மட்டும். நவம்பர் நடுவில் கிளம்பி, மார்கழிக் கச்சேரி, பொங்கல் எல்லாம் பார்த்துவிட்டு வரலாம் என்று இருப்பவருக்குப் பொங்கலுக்குள் அந்த 60 நாளும் முடிந்துவிடும். மீதி நாளுக்குப் பயணக் காப்பீடு தனியாக வேண்டும். சென்னையில் திட்டமிட்டுச் செய்துகொள்ளும் மூட்டு அறுவைக்கு எதுவும் கிடைக்காது. சில அட்வான்டேஜ் திட்டங்களிலும் உலகளாவிய அவசரச் சிகிச்சை இருக்கிறது. வரம்பு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து திட்டத்தின் பகுதிக்கு வெளியே இருந்தால், பொதுவாக அட்வான்டேஜிலிருந்து நீக்கிவிடுவார்கள். பேரப்பிள்ளையின் கல்யாணம், பிறகு அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று டிக்கெட்டைத் தள்ளிப்போடும்போது இந்த ஆறு மாதம் எளிதாகக் கடந்துவிடும். வருடத்தில் பாதியை மதுரையிலோ கோவையிலோ கழிப்பவருக்கு மெடிகேப் வழியே பொருத்தம் என்பேன்.

பார்ட் டி-யை எல்லோரும் வருடாவருடம் பார்த்தே தீர வேண்டும். மெடிகேப் அருமையாக இருக்கிறது, மாற்றவே வேண்டாம் என்று இருப்பவர்களும்தான். மருந்துப் பட்டியல், அடுக்கு (மருந்து எந்த விலைப் பிரிவில் இருக்கிறது என்பது), திட்டம் சலுகை விலை தரும் பார்மசி எல்லாமே வருடத்துக்கு வருடம் மாறும். எங்கள் வீட்டில் என் மாமியாருக்கு நான் செய்வது இது: மாத்திரை டப்பாக்களை எல்லாம் மேசையில் வைத்து, ஒவ்வொன்றின் பெயரையும் மில்லிகிராமையும் டப்பாவைப் பார்த்தே எழுதுவேன். "அந்த மஞ்சள் மாத்திரை" என்று அத்தை சொல்வதை வைத்து எழுதினால் 50-க்குப் பதில் 100 என்று போய்விடும். பிறகு மெடிகேரின் இணையதளத்தில் உள்ள திட்டத் தேடலில் அவற்றையும், நாங்கள் போகும் இரண்டு பார்மசிகளையும் போடுவேன். வருகிற பட்டியலைப் பிரீமியம் வரிசையில் பார்க்கக் கூடாது. மருந்தும் பிரீமியமும் சேர்ந்த வருட மொத்தச் செலவு வரிசையில் பார்க்க வேண்டும். பிரீமியம் பூஜ்யமாக இருக்கும் திட்டம் அந்த வரிசையில் கீழே போய்விடுவது சாதாரணமாக நடப்பதுதான்.

2026-ன் எண்களைக் கொண்டு ஒரு உதாரணம். சர்க்கரைக்கு ஜனுவியாவும், இரத்தம் உறையாமலிருக்க எலிக்விஸும் சாப்பிடும் ஒருவர். மெடிகேர் பேரம் பேசிக் குறைத்த விலை 2026 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. 30 நாளுக்கு ஜனுவியா 113 டாலர், எலிக்விஸ் 231. இரண்டும் சேர்ந்து மாதம் 344. பார்ட் டி டிடக்டிபிள் அதிகபட்சம் 615. அது முழுதாக இருக்கும் திட்டத்தில் ஜனவரியில் 344 டாலரும் அவரே கட்ட வேண்டும், பிப்ரவரியிலும் பெரும்பகுதி அவருடையதுதான். பிறகு 25 சதவீதம் என்று கணக்கிட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 1,493 டாலர். கைக்காசு 2,100 டாலரைத் தொட்டால் அந்த வருடம் அதற்கு மேல் மருந்துக்கு ஒன்றும் கட்ட வேண்டாம். அந்த இரண்டு மருந்தும் எல்லாப் பார்ட் டி திட்டத்திலும் இருந்தாக வேண்டும் என்பதால் வித்தியாசம் டிடக்டிபிளிலும் அடுக்கிலும்தான் இருக்கும். ஜனவரி பில்லைப் பார்த்து மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள், மனது பதறுகிறது. தொகையை மாதத் தவணையாகப் பிரித்துக் கட்டும் ஏற்பாடு 2025 முதல் எல்லாத் திட்டத்திலும் உண்டு, வட்டி இல்லை. திட்டத்துக்குப் போன் செய்து கேட்டாலே போதும். இன்சுலின் எந்தத் திட்டத்திலும் மாதம் 35 டாலருக்கு மேல் போகாது.

கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்குக் கணக்கு வேறு. 65 வயதும், கிரீன் கார்டோடு தொடர்ந்து ஐந்து வருட வசிப்பும் இருந்தால் மெடிகேர் வாங்கலாம். அமெரிக்காவில் 10 வருடம் வேலை செய்த கணக்கு தனக்கோ வாழ்க்கைத் துணைக்கோ இல்லாவிட்டால் பார்ட் ஏ-வுக்கு 2026-ல் மாதம் 565 டாலர் வரை. பிள்ளைகள் எத்தனை வருடம் வரி கட்டியிருந்தாலும் அதில் சேராது. பார்ட் பி மட்டும் வாங்கிச் சமாளிக்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம், பார்ட் டி-யும் சேர்க்கலாம். ஆனால் மெடிகேப்புக்கும் அட்வான்டேஜுக்கும் ஏ, பி இரண்டும் வேண்டும். குறைந்த வருமானம் என்றால் மாநிலத்தின் உதவித் திட்டங்களுக்குத் தகுதி உண்டா என்று முதலில் பாருங்கள்.

அட்வான்டேஜிலேயே இருப்பது என்று முடிவானால், பல் வைத்தியத்துக்கும், கடையில் சாமான் வாங்கத் தரும் கார்டுக்கும் மயங்கித் திட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மருத்துவரின் பில்லிங் அலுவலகத்துக்குப் போன் போட்டு, திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நிறுவனத்தின் பெயரை மட்டும் சொன்னால் "எடுத்துக்கொள்கிறோம்" என்பார்கள். அதே நிறுவனத்தின் பத்துத் திட்டங்களில் உங்களுடையது அதில் இல்லாமல் இருக்கலாம். தமிழ் பேசும் ஒரு மருத்துவரை நம்பி வருடக்கணக்காகப் போய்வரும் பெரியவருக்கு அந்த ஒரு பெயர் நெட்வொர்க்கில் இருப்பது மற்ற எல்லாச் சலுகையையும்விட முக்கியம். விற்பனை நோக்கமில்லாத ஆலோசனை வேண்டுமென்றால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச உதவி மையம் இருக்கிறது. நவம்பர் கடைசியில் அங்கே நேரம் கிடைப்பது கஷ்டம், அக்டோபரிலேயே வாங்கிவிடுங்கள். மெடிகேரின் 1-800-633-4227 எண்ணில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

என் கருத்து இதுதான். 65-ஐ இப்போதுதான் தொடுகிறவர், மாதம் 200 டாலர் கொடுக்க முடியும் என்றால், மெடிகேப் எடுக்கட்டும். பிறகு அட்வான்டேஜுக்குப் போக எப்போதும் வழி உண்டு. செலவைக் குறைக்க நினைத்தால் பிளான் என். ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்க 20 டாலர் வரை கட்ட வேண்டியிருக்கும், ஆனால் பிரீமியம் குறைவு. நோயோடு ஏற்கனவே அட்வான்டேஜில் இருப்பவர், அந்த நான்கு மாநிலங்களில் இல்லையென்றால், மெடிகேப்பை நினைத்து ஏங்காமல், மருத்துவரும் மருந்தும் உச்சவரம்பும் பொருந்தும் நல்ல அட்வான்டேஜைத் தேடட்டும். மெடிகேப்போடு நிம்மதியாக இருப்பவர் பிரீமியம் ஏறிவிட்டதே என்ற ஒரே காரணத்துக்காக அதை விட வேண்டாம். முதலில் ஜி-யிலிருந்து என்-க்கு மாற முடியுமா என்று கேட்கட்டும், அதற்கும் உடல்நிலைக் கேள்வி வரலாம்.

அட்வான்டேஜிலிருந்து மெடிகேப்புக்கு மாறத் துணிந்தால் வரிசை முக்கியம். முதலில் மெடிகேப்புக்கு ஜனவரி 1 தேதியிட்டு விண்ணப்பியுங்கள். பரிசீலனைக்குச் சில வாரம் ஆகலாம் என்பதால் அக்டோபரிலேயே. ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வந்தபிறகுதான் தனிப் பார்ட் டி-யில் சேர வேண்டும். காரணம், எச்எம்ஓ, பிபிஓ எனப்படும் நெட்வொர்க் வகை அட்வான்டேஜில் இருப்பவர் தனிப் பார்ட் டி-யில் சேர்ந்த உடனே, அதையே விலகலாக எடுத்துக்கொண்டு பழைய திட்டத்தை முடித்துவிடுவார்கள். வரிசை மாறினால் ஜனவரியில் அட்வான்டேஜும் இருக்காது, மெடிகேப்பும் இருக்காது. நவம்பரில் விமானம் ஏறுகிறவர்கள் இதையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். உறுதிக் கடிதம் அமெரிக்க முகவரிக்குத்தான் வரும், பக்கத்து வீட்டில் யாரிடமாவது தபாலைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.